பாரம் தூக்கக் கூடாது

முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு துருத்தும் இடத்தில் ஊசி இறங்கியது. கணக்கு வாத்தியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஊசி என்னவோ மயிரிழைதான். அதன் வழியாக மின்சாரம் ஏறும்போதுதான் ஆளின் லட்சணம் தெரியும். பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் இந்தக் கட்டிலில் கத்தி ஊரைக் கூட்டியிருக்கிறார்கள். வாத்தியார் மட்டும் இதுவரை மூச்சு விட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்வார். கை சீக்கிரம் ஆறவேண்டுமே என்ற அவசரம் அவருக்கு.

சாக்பீஸைவிடக் கனமான எதையும் தூக்காத தொழில். அப்படிப்பட்டவருக்கு முழங்கைத் தசைநார் எப்படி நைந்தது என்று பிசியோதெரபி டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

பாரம் வீட்டில் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன மனைவி. கட்டிலிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு, திரும்பவும் கட்டிலுக்கு. எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ஜோடிக் கைதான்.

கை விட்டுப்போனால் அவள் கதி என்ன என்று பதறித்தான் இங்கே வந்தார்.

பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னாள். ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வேறு யார் தொட்டாலும் மனைவிக்குக் கூச்சம் என்று சிரித்து மழுப்பிவிடுவார். அடுத்த முறை வரும்போது, நைந்த இடம் இன்னும் கொஞ்சம் நைந்திருக்கும். தூக்கினீர்களா என்று கேட்டால், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைபோல மின்விசிறியைப் பார்ப்பார்.

ஊசியும் மின்சாரமும் விழலுக்கு இறைத்த நீராகப் போய்க்கொண்டிருந்தன. டாக்டரம்மாவுக்கு எரிச்சலாக வரும். கூடவே, தன்னை இப்படித் தூக்கிச் சுமக்க யார் இருக்கிறார்கள் என்று ஒரு பொறாமையும் வரும்.

போன தடவை அவர் வரவில்லை.

இன்று ஸ்கேன் திரையில் பார்த்தால், நைந்த இடத்தின் கறுப்புத் திட்டு பொட்டளவாகச் சுருங்கிக் கிடக்கிறது. விரலால் அழுத்தியபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. இந்த ஓர் ஊசியோடு கை சரி.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மெஷினின் குமிழில் விரல் வைத்தபடி வாயைக் கிளறினாள்.

"ஒருவழியா என் பேச்சைக் கேட்டுட்டீங்க சார். தூக்குறதுக்கு ஆள் வெச்சாச்சு, அப்படித்தானே?"

சுவரைப் பார்த்தபடியே வாத்தியார் தலையாட்டினார். கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதோரம் வழிந்தது.

"நான் இன்னும் கரண்டே விடலையே சார்!" என்று அவள் சிரித்தாள்.

"நாலு பேரு வந்து தூக்கிட்டுப் போனாங்கம்மா. கடைசியா ஒரு தடவை நான் தூக்குறேன்னு போனேன். 'டாக்டரம்மா பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல, தள்ளி நில்லுங்க'ன்னுட்டாங்க."

சிரிப்பு அவள் முகத்திலேயே செத்துப்போனது. படித்துப் படித்துச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊசியை உருவப் போனாள்.

வாத்தியார் தலையசைத்துத் தடுத்தார்.

"கரண்ட் விடுங்கம்மா. வெளியூர்லேர்ந்து பிள்ளைங்க வந்திருக்காங்க, வீட்ல அவங்க முன்னாடி அழ முடியல."

அவள் குமிழைத் திருகவில்லை. திருகியவள்போல அதன்மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டாள்.

வாத்தியார் அலறி அழுதார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள், அந்த ஊசி அவ்வளவு வலிக்குமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.