எட்டுக்கு மேல்

பக்கவாதம் வந்ததிலிருந்து அற்புதமேரியின் இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. பிடோக் அடுக்குமாடி வீட்டின் ஜன்னலில் துணி காயப்போடும் கழியை வெளியே நீட்டக்கூட கணவர் பெர்னார்ட் வேலை முடிந்து வரவேண்டும்.

தினமும் காலையில் ஏரோபிக்ஸ் வீடியோ டேப்பைப் போட்டு, திரையிலிருந்த ஆறு பெண்களோடு கையைத் தூக்கிப் பழகினாள். வலது கைக்கு அவர்கள் எட்டு வரை எண்ணினார்கள். இடது கைக்கு பதினான்கு, பதினைந்து என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

டேப்பை இரவல் வாங்கிப்போன எதிர்வீட்டு ஆயிஷா திருப்பித் தர வந்தாள்.

"இடது கைக்கு எண்ணி முடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடுமே?" என்றாள் அற்புதமேரி.

"இல்லியே அக்கா, ரெண்டு கைக்கும் எட்டுதான் லா."

மறுநாள், அவர்கள் இருபத்துமூன்று எண்ணும்போது, அவளுடைய இடது கை தலைக்கு மேலே போய் நின்றது. திரையில் வியர்த்து, தூக்கிய கை நடுங்க நின்றிருந்த ஆறு பெண்களும் அதற்குப் பிறகுதான் கையை இறக்கினார்கள்.