பாதத்தில் மனம்

"எரியவே இல்லையாப்பா? கொஞ்சம்கூட?"

ஆஷாவால் நம்ப முடியவில்லை. சர்க்கரை நோய் முற்றி, உள்ளங்கால் தணலாய் எரிகிறது என்று வீட்டையே ஆட்டிவைத்த மனுஷர் சுந்தரராமன். காபி கொஞ்சம் ஆறியிருந்தாலும் டம்ளர் பறக்கும். அவரை இழுத்துக்கொண்டுபோய் நீது டீச்சரின் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பில் சேர்த்துவிட்டவள் அவள்தான். வலியோடு சண்டை போடாதீர்கள், மனதைப் பாதத்துக்குக் கொண்டுபோய்ச் சும்மா கவனியுங்கள் என்பதுதான் அங்கே பாடம்.

"கவனிச்சுக் கவனிச்சே போயிடுத்து மோளே." சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு சிரித்தார் அப்பா. "இப்போதான் கோயிலுக்குப் போயிட்டு வரேன். மீன மாச வெயில், பிராகாரத்துக் கல்லிலே எல்லாரும் குதிச்சுண்டு ஓடறா. நான் மட்டும் நிதானமா மூணு சுத்து. உற்சவப் பந்தல் பிரிச்சுண்டிருந்தவா எல்லாம் அந்தம் விட்டு, வாயைப் பிளந்துண்டு பார்த்தா."

"அம்மன் சந்நிதிக் குங்குமத்தை மிதிச்சுண்டு வந்து, வாசல்லேர்ந்து தரையெல்லாம் சிவப்பா ஆக்கி வெச்சிருக்கார்," என்று துணியோடு வந்தாள் அம்மா லலிதாம்பாள்.

முன்பென்றால் இந்த ஒரு வார்த்தைக்கே வீடு இரண்டுபட்டிருக்கும்.

"சாரமில்லை லலிதா. துடைச்சாப் போறது."

அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர்தானா அவர்?

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போறதை கான்சல் பண்ணிடு ஆஷா. எரிச்சலே இல்லாதப்போ டாக்டர்ட்ட என்னத்தைச் சொல்ல?"

"பண்ணிடறேன்ப்பா." எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பழைய அப்பா கிடைத்துவிட்டார். "நீது டீச்சருக்கு ஒரு வீடியோ அனுப்பறேன். வகுப்பிலே சொன்ன மாதிரி கண்ணை மூடிக்கோங்கோ. காலையும் சேர்த்து எடுக்கணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போனைப் பாதத்தின் பக்கம் கொண்டுபோன ஆஷா அப்படியே நின்றுவிட்டாள்.

முக்காலியின் ஓரத்திலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குங்குமம் சொட்டாது.

குனிந்து பார்த்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். நடுவில், தலை வரைக்கும் புதைந்து கிடந்தது ஒரு பந்தல் ஆணி.

லலிதாம்பாளின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ஆஷா விரலை ஆணிக்குப் பக்கத்தில் வைத்தாள். அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

"அப்பா... நான் இப்போ எங்கே தொடறேன், சொல்லுங்கோ."

மூடிய கண்ணைத் திறக்காமல், மனதைப் பாதத்துக்குக் கொண்டுபோனார் சுந்தரராமன். முகத்தில் அதே அமைதி.

"நீ இன்னும் தொடவே இல்லையே மோளே."