ஒரு சொட்டும் சிந்தாமல்

"இந்த மில்லை இன்னிக்கு இழுத்து மூடலைன்னா என் பேரு அன்பரசன் இல்ல!"

கையிலிருந்த புத்தகத்தை மேஜை மேல் ஓங்கி அடித்தான். டீ தம்ளர் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அது முன்பே தானாக நகர்ந்து போய்க் கீழே விழுந்து உருண்டுகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லியின் சாமை மில் ஓட ஆரம்பித்தால் இப்படித்தான். சுவர் அதிரும், ஓடு கிடுகிடுக்கும், எழுதுகிற எழுத்து கோணல்மாணலாகப் போகும். ஜவ்வாது மலையிலிருந்து சாமை மூட்டைகள் இறங்குகிற பருவம் வேறு. காலையில் பிடித்தால் பொழுது சாயும்வரை ஓய்வில்லை.

நாளைக்கு அன்பரசனுக்குப் பரீட்சை. மெக்கானிக்கல் கடைசி வருஷம். டைனமிக்ஸ் பேப்பரில் ஏற்கெனவே ஒரு தடவை மண்ணைக் கவ்வியாயிற்று. இதிலும் கோட்டை விட்டால், கம்பெனியில் கிடைத்திருக்கிற வேலையும் கையை விட்டுப் போகும்.

கூத்தைக் கேளுங்கள், அவன் படிக்கிற பாடமே அதிர்வுதான். இயந்திரம் ஏன் ஆடுகிறது, ஆடாமல் நிறுத்துவது எப்படி என்று பக்கம் பக்கமாகப் புரட்டுகிறான். உட்கார்ந்திருக்கிற நாற்காலியே ஆடுகிறது. வயிறு எரியாதா?

"வேணாம்டா, போவாத. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ." அம்மா திரௌபதி வாசலை மறித்தாள்.

"இன்னாத்துக்கு பொறுக்கணும்? போன லீவுக்கு ஹாஸ்டல்லேர்ந்து வந்தப்ப இவ்ளோ ஆட்டம் இல்லியே! மெஷினைப் பாத்துக்க துப்பில்லாதவங்களுக்கு மில்லு ஒரு கேடா?"

"அப்பிடிப் பேசாதடா. செல்லி நல்லவ."

"நல்லவங்கதான் நம்ம வூட்டை இடிக்கிறாங்களா?"

அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கேட்க அவனுக்குக் காது எங்கே இருந்தது? கோபம்தான் முன்னால் போய்க்கொண்டிருந்ததே.

மில்லுக்குள் தவிட்டுப் புழுதி. பைகளோடு நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். செல்லி ஆடுகிற மெஷினை இடுப்பால் முட்டுக்கொடுத்தபடி சாமையைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க!"

சத்தத்தில் அவளுக்குக் காது கேட்கவில்லை. அன்பரசன் நேரே போய் சுவிட்சை அணைத்தான். மெஷின் முனகிக்கொண்டே நின்றது.

"இன்னா கண்ணு, படிச்சிட்டியா?" செல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எரிகிற நெருப்பில் எண்ணெயாக விழுந்தது.

"எங்க படிக்க வுட்றீங்க? ஊருக்கே பூகம்பம் வுட்டுக்கினு இருக்கீங்களே! கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்தா நாளைக்கே சீல் வெச்சிடுவாங்க, தெரியுமா?"

"ஏம்பா, அப்புறம் சாமையைத் தூக்கினு நாங்க திருப்பத்தூருக்கா போவோம்?" என்றாள் காத்திருந்தவர்களில் ஒருத்தி, பூங்கோதை.

"நீங்க சும்மா இருங்க! மெஷின் ஏன் ஆடுதுன்னு உங்களுக்கு இன்னா தெரியும்? நான் அதுக்கே ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினவன்!"

பொய்யில்லை. எழுத்துப் பரீட்சையில் கோட்டை விட்டவன், காலேஜ் கண்காட்சியில் கொடி நாட்டினான். இரும்புப் பலகை மேல் மோட்டார் ஓடும். பக்கத்திலேயே தளும்பத் தளும்பத் தண்ணீரோடு ஒரு தம்ளர் இருக்கும். ஒரு சொட்டு சிந்தாது. "இதை டிபார்ட்மெண்டுக்கே குடுத்துடுப்பா" என்று புரொபசர் கேட்டதும், மார் நிமிரத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தான். இன்றைக்கும் அங்கே கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

"கோச்சிக்காத கண்ணு," என்றாள் செல்லி. "நீ போய்ப் படி. நாளைக்கு பரீட்சை எழுதிட்டு வர்ற வரைக்கும் ஓட்டலை." காத்திருந்தவர்களை நாளை சாயங்காலம் வரச் சொன்னாள்.

அதோடு போயிருக்கலாம். படித்த வாய் சும்மா இருக்குமா?

"ஒரு நாளைக்கு நிறுத்தினா சரியாப் போச்சா? இங்க வந்து பாருங்க. எல்லாரும் பாருங்க!" மண்டியிட்டு மெஷினுக்கு அடியில் கையை நீட்டினான். "இந்த நாலு காலுக்கும் அடியில தடிமனா ரப்பர் கட்டை இருக்கணும். அதுதான் ஆட்டத்தை வாங்கிக்கும். இது கூட..."

குனிந்து பார்த்தான். ஒரு காலுக்கு அடியில் மடித்த சாக்கு. இன்னொன்றுக்குப் பழைய செருப்பு. மற்ற இரண்டுக்கும் மரத்துண்டு. அவற்றைச் சுற்றிச் சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமான கறுப்புத் தடம்.

"இருந்த ரப்பரைக் கழட்டியிருக்கீங்க! எங்க அது? வித்துத் தின்னுட்டீங்களா?"

செல்லி வாசலைப் பார்த்தாள். பின்னாலேயே ஓடி வந்திருந்த அம்மா அங்கே நின்றிருந்தாள்.

"நான்தான்டா கேட்டு வாங்கினேன்," என்றாள் அம்மா. "ரப்பர் கட்டை கெடைக்கலைன்னா மாடலே நிக்காதுன்னு போன்ல அழுதியே. மறுநாளே பஸ்ஸுல குடுத்தனுப்பினேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீ கேக்கவும் இல்ல. முடிஞ்சதும் நீ திருப்பி எடுத்தாருவேன்னு பாத்தேன்..."

மண்டியிட்டவன் எழுந்திருக்கவில்லை.

"அத்த வுடுக்கா, பரீட்சைக்குப் போற புள்ளைகிட்ட." செல்லி அவன் பக்கத்தில் குந்தி, ஆசையாகக் கேட்டாள்: "பக்கத்துல வெச்ச தண்ணி ஒரு சொட்டு கூட சிந்தலியாமே, நெசமா கண்ணு?"