வெங்காய வரிசையின் பாதி

மெக்சிகோவிலிருந்து ஆற்றைத் தாண்டி டெக்ஸாஸ் வந்த அப்பா, முள்மரங்களை வெட்டி உண்டாக்கிய வெங்காய வயல். 1994-இல் அதில் எழுபது வயது ரெஃபுஹியா மட்டும் களை கொத்திக்கொண்டிருந்தாள்.

“ஹூஸ்டனுக்கு வந்துடும்மா. அந்த வயக்காட்டுல யார் இருக்கா உனக்கு?” என்று காலையில் மகன் போனில் கத்தினான்.

“இந்த வரிசை முடியட்டும்டா.”

அப்பா இருந்த காலத்தில் அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு வரிசை. கடைக்குட்டி ரெஃபுஹியாதான் எப்போதும் பின்தங்குவாள். தன் வரிசையை முடித்த அப்பா, எதிர்முனையிலிருந்து அவளுடையதைக் கொத்திக்கொண்டு வருவார். பாதியில் சந்தித்ததும் மண்வெட்டியால் அவள் மண்வெட்டியைத் தட்டுவார். அவர் இறந்து நாற்பது வருஷம்.

பாதி வரிசையில் நிமிர்ந்தாள். அதற்கப்பால் களையே இல்லை. புரட்டிய மண்ணில் ஈரம் காயவில்லை. சுற்றிலும் ஈ காக்கை இல்லை.

ரெஃபுஹியா மண்வெட்டியை முன்னால் நீட்டினாள்.

‘டங்’ என்றது.