இடது காலும் ஆறிவிட்டது

"இது ஏன் ஆறுச்சு? ஆறியிருக்கவே கூடாதே!"

திரௌபதியின் இடது பாதத்தைப் பார்த்துப் பேராசிரியர் சகாதேவன் கத்தினார். பௌர்ணமி கிரிவலத்தில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வெடித்துப் புண்ணான கால்கள். இப்போது இரண்டுமே பளிச்சென்று இருந்தன.

அடி அண்ணாமலை மருத்துவ முகாமுக்கு வந்திருந்த மற்றப் பெண்களுக்கும் அதே கதிதான்.

ஆராய்ச்சி மாணவி வினோதினிக்கு அழுகை முட்டியது. மட்கிய மரத்திலிருந்து பூஞ்சை எடுத்து, அதை வளர்த்த நீரில் வெள்ளி உப்பைக் கலந்து, கண்ணுக்குத் தெரியாத வெள்ளி நுண்துகள்களை உண்டாக்கிக் களிம்பு செய்திருந்தாள். பச்சை மூடி டப்பாவில் இருந்த அந்தக் களிம்பு வலது காலுக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, மஞ்சள் மூடி டப்பாவில் மருந்தே இல்லாத வெறும் களிம்பு, இடது காலுக்கு.

வெறும் களிம்பிலேயே புண் ஆறுமென்றால், அவளுடைய இத்தனை வருட உழைப்பும் பிஎச்.டி. பட்டமும் போயே போச்சு.

"அப்போ நம்ம மருந்து வேலையே செய்யலையா சார்?"

சகாதேவன் யோசித்தார். வாசலில் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்ததால் சீக்கிரமே யோசித்து முடித்தார்.

"மண்டு! ஜாஸ்தியா வேலை செஞ்சிருக்கு. வலது கால்ல பூசினது ரத்தத்துல கலந்து இடது காலுக்குப் பாய்ஞ்சிருக்கு. உலகத்துலயே இதான் முதல் தடவை!"

அவர் எப்போதும் இப்படித்தான். எதில் மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது என வினோதினி கெஞ்சிக் கேட்டும், முகாம் தொடக்க விழாவில் மைக்கைப் பார்த்ததும், "பச்சை மூடியில அசல் வெள்ளி இருக்கு!" என்று முழங்கியவர்.

இப்போதும் மைக் கிடைத்துவிட்டது. "பாதி மருந்து, முழுப் பலன்!" என்றார். கேமராக்கள் அவர் முகத்தையும் திரௌபதியின் இடது காலையும் மாறி மாறிப் படம் பிடித்தன. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் திரௌபதி மெதுவாக வினோதினியிடம் வந்தாள்.

"பச்சை டப்பா தீந்துபோச்சும்மா. இன்னொண்ணு குடேன்."

"மஞ்சள் டப்பா?"

"அது தொறக்கவே இல்ல. அப்படியே கீது."

"அப்போ இடது காலுக்கு என்ன பூசினீங்க?"

திரௌபதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெள்ளின்னு சொன்னாரேம்மா... கொலுசை யாராச்சும் ஒத்தக் கால்ல போடுவாங்களா?"