ஈர மிலாறு

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாவின் புகைக்கூண்டு மலையேறும் ரயில் போல இரைகிறது. மதிய மூடுபனிக்குள் அதன் உச்சியிலிருந்து தீப்பொறிகள் சிதறித் தகரக் கூரையில் விழுகின்றன. வாளித் தண்ணீரோடு ஓடி வரும் துரையை, புகைக்கூண்டு கூட்டும் சடையன் கை நீட்டி மறிக்கிறான். "தண்ணி ஊத்தாதீங்க தொரே, சூட்டுல கல்லு வெடிச்சிரும். காத்த அடைச்சா அதுவா அடங்கிரும்." பங்களா வேலைக்காரன் அங்கமுத்து, நனைத்த சாக்கை விரித்துக் கணப்படுப்பின் வாயை மூடிப் பிடிக்கிறான். விரலிடுக்கில் வெந்நீர் வழிகிறது. பக்கத்துக் கூடையில் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகள், மிலாறு, ஈரம் சொட்டக் கிடக்கிறது. ஒரு மாதமாக அதைத்தான் அவன் இங்கே எரிக்கிறான். அதன் புகைதான் தாராகிக் கூண்டுக்குள் ஒட்டி, இப்போது பற்றியெரிகிறது. பங்களாவுக்கு வந்த காய்ந்த விறகெல்லாம் கீழே தொழிலாளர் லயத்தில், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் அவன் மனைவியின் ஒற்றையறைக் காம்பராவில் எரிகிறது. இரைச்சல் மெல்ல இறங்கி நின்றுபோகிறது. வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. துரை சடையன் பக்கம் திரும்புகிறார். "நீ கூட்டல்லே. நாளைக்கிப் பத்துச்சீட்டு. தோட்டம் விட்டுப் போ."

"போன மாசந்தானுங்க கூட்டுனேன். ரெண்டு சாக்குக் கரி அள்ளுனேனுங்க." சடையன் அடுப்புப் பக்கம் திரும்புகிறான். "அங்கமுத்து, அன்னிக்கி நீதானப்பா கரிச் சாக்கப் புடிச்ச. தொரைகிட்ட சொல்லுப்பா."

ஜன்னலுக்கு வெளியே, லயத்துக் கூரைகளில் ஒன்றிலிருந்து மட்டும் வெளுத்த புகை எழுகிறது. தீ அணைந்துவிட்ட அடுப்பின் வாயில் அங்கமுத்து இன்னும் சாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.