கீரப்பாளையத்தில் இருபது நிமிஷம்

"கீரப்பாளையத்துல இருபது நிமிஷம் உனக்கு என்னய்யா வேலை?"

கொலு பொம்மைப் பட்டறை முதலாளி சிற்றம்பலம் செல்போனை நீட்டினார். டிரைவர் பக்கிரி திருதிருவென்று விழித்தான்.

"என்ன பாக்குற? நேத்து லோடுல ஒரு சென்சார் வச்சேன். தீப்பெட்டி சைசுதான். வண்டி எங்க போவுது, பெட்டி எங்க குலுங்குதுன்னு புட்டுப்புட்டு வச்சிடும்."

சும்மா சொல்லக் கூடாது, வைத்தேவிட்டது. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நேர் ரோடு இருக்க, வண்டி கீரப்பாளையம் சுற்றிப் போயிருக்கிறது. அங்கே பெட்டிகள் ஆடிய ஆட்டத்தில் திரை முழுக்கச் சிவப்பு.

"அங்கதாங்க என் வூடு..."

"வூட்டுல பெட்டியை எதுக்கு எறக்குன?"

பக்கிரி தலையைச் சொறிந்தான். "சும்மாதாங்க."

சும்மாவாம்! லோடுக்கு லோடு ஒன்றிரண்டு பொம்மை எங்கே உடைகிறது என்று சிற்றம்பலத்துக்கு விளங்கிவிட்டது. ஆயிரம் ரூபாய் சென்சாருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"இன்னிக்கு நேரா கடலூர். நடுவுல நின்னே, நாளைக்கு வேற டிரைவர்தான்."

பக்கிரி எதையோ சொல்ல வாயெடுத்து, "சரிங்க மொதலாளி" என்று கிளம்பினான்.

சிற்றம்பலம் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ரோட்டுப் பள்ளத்துக்கு அங்கங்கே லேசான குலுக்கல், அவ்வளவுதான். "பயம் இருக்கணும்ல!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் கடலூர் கடைக்காரம்மா தமிழ்ச்செல்வியிடமிருந்து போன்.

"என்னண்ணே இது, தசாவதார செட்டுல நாலு அவதாரம்தான் முழுசா வந்திருக்கு! பாதி லோடு தூளு. நவராத்திரிக்கு நாலு நாள்தான் இருக்கு, நான் எதை விக்கறது? இன்னொரு வாட்டி இப்படி வந்தா வேற எடம் பாத்துக்குவேன்."

"வண்டி எங்கயுமே நிக்கலியேம்மா!"

"நின்னா என்ன, நிக்காட்டி என்ன? எப்பவும் பெட்டி கொள்ளாம வைக்கோல் அடைச்சு அனுப்புவீங்க. இன்னிக்கு ஏன் வெறும் பேப்பரோட வந்திருக்கு?"

"வைக்கோலா? நான் எப்பவும் ஒரு சுத்து பேப்பர்தானேம்மா..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பக்கிரிகிட்ட போனைக் குடும்மா."

பக்கிரி மெதுவாகத்தான் பேசினான். "பேப்பர் மட்டும் தாங்காதுங்க. அதான் வூட்டாண்ட நிறுத்தி, மாட்டுக்கு வச்சிருக்கற வைக்கோல்ல நாலு கத்தை உருவி அடைப்பேன்."

"சொல்லித் தொலைக்கறதுதானே?"

"உங்க பேக்கிங் சரியில்லன்னு உங்ககிட்டயே எப்படிங்க சொல்றது? மாடுகூடக் கோச்சுக்கல, நீங்க கோச்சுக்குவீங்களே மொதலாளி!"